புற்றுக்குப் பாவாடை

அம்மன் இளைத்துப்போன விஷயம் முதலில் தெரிந்தது எனக்குத்தான். வருடா வருடம் ஆடி மாதம் அவளுக்குப் பாவாடை தைக்கிறவள் நான்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. தெரு முனையில் ஒரு புற்றுக்கோவில். உள்ளே சிலை கிடையாது. கரையான் கட்டிய செம்மண் புற்றுதான் அம்மன். ஆடி முதல் வெள்ளியன்று அதற்கு மஞ்சள் பாவாடை சுற்றி, வேப்பிலை செருகி, வெள்ளிக் கண் பதிப்பார்கள். கோவிலுக்கு நேர் எதிரே என் தையல் கடை. ‘ஷோபனா லேடீஸ் டெய்லர்ஸ்’ என்று போர்டு இருக்கும். உள்ளே இருக்கிற டெய்லர் நான் ஒருத்திதான். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருடத்திலிருந்து, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் புற்றின் இடுப்பை அளப்பது என் வேலை. இந்தத் தெருப் பெண்களைப் போலவே அம்மனும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பெருத்துக்கொண்டுதான் போனாள். அளவு ஏறினால் அவள் தெருவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். ‘இந்த வருஷம் எவ்ளோ ஏறுச்சி?’ என்று கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் கூழ் குடிப்பார்கள்.

பிறகு ஒரு வருடம் அளவு ஏறவில்லை. அடுத்த வருடம் குறைந்தது. நான் கொசுவத்தை இரண்டு மடங்காக வைத்துத் தைத்துச் சமாளித்தேன். அதற்கும் அடுத்த ஆடியில், அதாவது போன ஆடியில், ஒரு சாண் குறைந்திருந்தது. புற்றின் உச்சி மழுங்கி, பக்கவாட்டில் விரல் நுழைகிற விரிசல். எந்தக் கொசுவத்தாலும் அதை மறைக்க முடியாது. ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

ஊருக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அடுத்த நிமிடமே காரணமும் தெரிந்துவிடும். கோவிலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சாமுண்டீஸ்வரி அக்கா. அவள் புருஷன் துலுக்கானம் பூசாரியாக இருந்தவர்; நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அக்காவே சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு விளக்கேற்ற ஆரம்பித்தாள். அவர் போன வருடத்திலிருந்துதான் புற்று தேய்கிறது. போதாதா? தாலியறுத்தவள் கை பட்டு அம்மன் கோவித்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் எங்கள் தெருவை யாரும் ஜெயிக்க முடியாது.

எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் தூக்கிப் பார்க்காமல் பையில் போடமாட்டார். அந்த வியாதி எனக்கும் உண்டு. ஒன்று தேய்கிறதென்றால் எங்கே தேய்கிறது, எதனால் தேய்கிறது என்று திருப்பிப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றும்.

சாமுண்டி அக்கா கோவிலை வைத்திருந்த சுத்தம் சாதாரணச் சுத்தம் இல்லை. மூன்று வேளையும் பெருக்குவாள். பக்கத்து வீட்டுப் பாதாம் மரத்திலிருந்து ஒரு சருகு மதில் தாண்டி விழுந்தால், தென்னந்துடைப்பத்தோடு போய் நிற்பாள். காய்ந்த மாலை, வேப்பிலைக் குச்சி, எதுவும் ஒரு மணி நேரம் அங்கே கிடக்காது. எல்லாம் கூடையில் அள்ளித் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். அவள் பெருக்கிய தரையில் இலை போடாமல் சோறு போட்டுத் தின்னலாம் என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆடி முடிந்த வாரத்தில் புற்றிலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி உடைந்து விழுந்தது. அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அதைக் குப்பையில் போடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. நான் ஒரு பிளவுஸ் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்து வந்தேன். துணி வெட்டும் மேஜையில் வைத்துக் கத்தரிக்கோல் முனையால் மெல்லப் பிளந்தேன்.

உள்ளே மண் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதன்மேல் சவ்வரிசியைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காய்ந்து கிடந்தது. ஃபோனில் தேடிப் படித்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். அது தோட்டமாம். கரையான் மரத்தையும் சருகையும் கொறித்துக்கொண்டு வந்து, அதை உரமாக்கிப் பரப்பி, அதன்மேல் காளான் பயிர் செய்யுமாம். தான் கொண்டுவந்ததை அப்படியே தின்று செரிக்க அதனால் முழுசாக முடியாது. காளான்தான் அதற்குப் பாதி வேலையைச் செய்து பக்குவப்படுத்தித் தருகிறது. கரையான் இல்லாவிட்டால் அந்தக் காளானுக்கு வாழ்வில்லை, காளான் இல்லாவிட்டால் கரையானுக்குச் சோறில்லை. புற்று என்பது இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற வீடு. உள்ளே வெயிலும் வறட்சியும் படாமல் வைத்திருக்கத்தான் அத்தனை மண்.

இத்தனை வருடம் வெளியே இடுப்பளந்தேனே தவிர, உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவில்லை. அவசரமாக அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

“ஆத்தா வயித்த அறுத்துப் பாத்தியாடி?” என்றாள்.

“அறுக்கலக்கா, தானா விழுந்ததுதானே. உள்ள எல்லாம் காஞ்சி போயிருக்கு பாரு.”

“மூடி வை. இன்னாத்த பாக்கப் போறே? நான் தொட்டதெல்லாம் காஞ்சிதான் பூடும்.”

ஊர் பேசியதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

கோவில் கமிட்டித் தலைவர் பரந்தாமன் அண்ணன். பூந்தமல்லியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் சிமெண்டும் கல்லும்தான் மருந்து என்று நம்புகிறவர். புற்றைச் சுற்றி வழவழவென்று கிரானைட் பதித்ததும், ‘உபயம்: பரந்தாமன்’ என்று வருடத்தோடு கல்லில் வெட்டி வைத்ததும் அவர்தான். அவர் ஒரு நாள் காலையில் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு அக்காவிடம் போனார்.

“தப்பா நெனச்சிக்காத சாமுண்டி,” என்றார். “ஜனங்க பேசிக்கினு கீறாங்கோ. இந்தப் புத்து இனிமே தாங்காது. இதும்மேலயே சிமெண்ட்ல ஒண்ணு கட்டி, கலர் அடிச்சிடலாம்னு கீறோம். அது எந்தக் காலத்துலயும் தேயாது. பூசைக்குக் காட்டுப்பாக்கத்துலேர்ந்து ஒரு ஆளு வர்றாரு. சாவிய மட்டும் குட்த்துடு.”

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கற்பூரத் தட்டில் வைத்தாள். துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

சிமெண்ட் வேலைக்கு, கான்கிரீட்டுக்குப் பலகை அடைத்துக் கொடுக்கிற சென்ட்ரிங் கோவிந்தராஜ் வந்தார். சவுக்குக் கட்டைகளையும் பலகைகளையும் வண்டியில் கொண்டுவந்து, புற்றின் பின்பக்கம் சாய்த்தும் படுக்க வைத்தும் அடுக்கினார். அடுக்கினதோடு சரி. அவருடைய ஆட்கள் மெட்ரோ வேலையில் கூலி அதிகம் என்று அங்கே போய்விட்டார்கள். ஆட்கள் கிடைப்பதற்குள் ஐப்பசி வந்து மழை பிடித்துக்கொண்டது. புதுப் பூசாரி சாயங்காலம் ஒரு வேளை வருவார், மணியடிப்பார், போய்விடுவார். துடைப்பம் அவர் கைக்கு எட்டாத சாமான். பாதாம் சருகும் பழைய மாலையும் புற்றைச் சுற்றி ஊறிக் கிடந்தன. அக்கா என் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துக் கையைப் பிசைவாள். “கலீஜா கீது பாருடி,” என்பாள்.

மழை விட்ட ஒரு காலையில் தெருவே கோவிலில் கூடியிருந்தது. புற்றின் விரிசல் மேல் புது மண். ஈரமாக, கருஞ்சிவப்பாக, மணி மணியாக ஒட்டியிருந்தது. உடைந்த இடத்தில் பாதி மூடியிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பரந்தாமன் அண்ணன் கண்ணில் தண்ணீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கை மாறிச்சி, ஆத்தா வந்துட்டா,” என்றார்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். உள்ளே ராப்பகலாக மண் சுமந்தது யாரோ; பேர் வாங்கிக்கொண்டது கமிட்டி. திரும்பிப் பார்த்தால் அக்கா தெருவிலேயே நிற்கிறாள்.

“பாத்தியா ஷோபனா,” என்றாள் மெதுவாக. “நான் போனதும் வந்துட்டா. அப்ப நாந்தான்.”

எனக்குள் ஒரு கேள்வி உறுத்தியது. மழைதான் காரணம் என்றால் போன ஐப்பசியிலும் மழை பெய்தது, அதற்கு முந்தின ஐப்பசியிலும் பெய்தது. அப்போது வராத மண் இப்போது எங்கிருந்து வந்தது? அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, பூசாரி வருவதற்கு முன்னால், திறந்தே கிடந்த கேட் வழியாகப் புற்றின் பின்பக்கம் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து, ஃபோன் டார்ச்சை அடித்தேன்.

புற்றின் அடியிலிருந்து ஒரு மண்கோடு கிளம்பி, கிரானைட் இடுக்கு வழியாக ஓடி, கோவிந்தராஜ் பலகையில் ஏறியிருந்தது. ஒன்று இல்லை, நாலைந்து. சுண்டு விரல் தடிமனில் மண்ணாலேயே கட்டிய குழாய். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சிகள், ஷிஃப்ட் விட்ட நேரத்து ஃபேக்டரி கேட் மாதிரி போவதும் வருவதுமாக. நான் கீறின ஓட்டையைப் பெரிய தலையோடு இரண்டு வந்து காவல் காக்க, மற்றவை மண் கொண்டுவந்து அடைத்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டை மூடிவிட்டது. ஊறிக் கிடந்த சருகைப் புரட்டினேன். அதன் அடியிலும் மண். பாதாம் இலை நரம்பு மட்டும் மிச்சமாகச் சல்லடையாகக் கிடந்தது.

அங்கேயே குந்திக்கொண்டு யோசித்தேன். இந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது? ஒரு வேப்பமரம் இருந்தது. நான் வந்த புதிதில் அதன் நிழலில்தான் கூழ் ஊற்றுவார்கள். பட்ட கிளையும் சருகும் புற்றின் மேலேயே விழுந்து கிடக்கும். ஓணான் உட்கார்ந்திருக்கும். எலி வளையில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. தலை தெரிந்தால் போதும், தெருவே பால் எடுத்துக்கொண்டு ஓடும். கிரானைட் போட்டபோது வேர் கல்லைத் தூக்கும், இலை கறை பிடிக்கும் என்று மரத்தை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்தார்கள். வளையெல்லாம் கலவை போட்டு அடைத்தார்கள். அது துலுக்கானம் போன அதே வருடம். இரண்டில் ஒன்றை ஊர் மனசில் வைத்துக்கொண்டது. இன்னொன்றைக் கல்லில் வெட்டி வைத்திருந்தும் யாரும் படிக்கவில்லை, என்னையும் சேர்த்து.

வீட்டுக்குப் போனதும் கோவிந்தராஜுக்கு ஃபோன் போட்டேன். கரையானைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அண்ணே, உங்க பலகையெல்லாம் போச்சு. காலையில வந்து பாருங்க,” என்று மட்டும் சொன்னேன். மனுஷன் விடிந்ததும் பரந்தாமன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஒரு பலகையைத் தூக்கினார். அது நடுவில் ஒடிந்து இரண்டாக விழுந்தது. மேலே வழவழப்பு, உள்ளே ஒன்றுமில்லை.

“இன்னா அண்ணாத்தே இது?” என்றார் கோவிந்தராஜ். “நான் பலகைய வேலைக்கு உட்டனா, படையலுக்கு உட்டனா?”

பரந்தாமன் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்துவிட்டேன். மண்கோட்டைக் காட்டினேன். பலகையிலிருந்து புற்று வரைக்கும் விரலை வைத்தே இழுத்துக் காட்டினேன். “ஆத்தா ஏன் வந்தாங்கன்னா இதுக்குத்தாண்ணே. பசி.”

“மழ பெஞ்சா புத்து வளரத்தான் செய்யும்,” என்றார்.

“போன வருஷமும்தான் பெஞ்சுது. இன்னா வளந்துச்சி?”

அவர் குனிந்து மண்கோட்டைப் பார்த்தார். நான் விடவில்லை.

“முன்ன வேப்பமரம் இருந்துச்சி. கட்டையும் சருகும் அதுவே போட்டுச்சி. அத்த வெட்டி, கல்லப் போட்டு மூடிட்டு, பாலும் முட்டையும் ஊத்திக்கினு கீறோம். கரையான் பால் குடிக்குமா?”

“அப்ப சாமுண்டி கையில ஒண்ணும் இல்லன்ற,” என்றார் கோவிந்தராஜ், ஒடிந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டே.

“ஒண்ணுமே இல்ல,” என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. இப்போதே அவளை இழுத்து வந்து நடுவில் நிறுத்த வேண்டும் போலிருந்தது. திரும்பினால் அவளே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“ஷோபனா,” என்றாள். “அப்ப சருகும் அதுக்குச் சோறுதானா?”

நான் ஒரு முட்டாள். யோசிக்காமல், “ஆமாக்கா. சருகு, காஞ்ச மால, வேப்பங்குச்சி, எல்லாமே,” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அப்ப மூணு வேளையும் வாரி வாரி வெளிய கொட்டுனது நாந்தானேடி,” என்றாள். “மரம் போனாலும் பக்கத்து ஊட்டு எலயாவது வுழுந்துச்சி. அத்தயும் வுடலயே நானு. அவங்க சொன்னது சரிதான். என் கைதான்.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. இவ்வளவு நேரம் நான் கஷ்டப்பட்டுக் கட்டினதை அவளே ஒரு வார்த்தையில் உடைத்துவிட்டாள். பரந்தாமன் அண்ணனுக்கு அது லட்டு மாதிரி கையில் வந்து விழுந்திருக்கிறது. ‘பாத்தியா, அவளே சொல்றா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவியும் கமிட்டியும் சிமெண்டும் அப்படியே அவர் பக்கம் நின்றுவிடும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் காலடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் வெட்டியிருந்த கல். அதன்மேல் சேறு படிந்திருந்தது.

“இந்த மாதிரி வழவழன்னு கல்லப் போட்டு வெச்சா, யாரா இருந்தாலும் பெருக்கத்தான் தோணும்,” என்றார் கடைசியில். “மண்ணுத் தரையா இருந்தப்போ துலுக்கானம் பெருக்குனானா? வாசல்ல மட்டும் தண்ணி தெளிப்பான். கல்லப் போட்டது நானு. நீ கல்லத்தான் பெருக்கின.”

மடியிலிருந்து சாவியை எடுத்தார். கையில் கொடுக்கவில்லை. சங்கடமோ என்னவோ, உண்டியல் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். “பின்னாடி நாலு கல்ல பேத்துடு கோவிந்து,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

“பேக்கறேன். ஆனா இனிமே பலக கொண்டாரச் சொல்லாத,” என்றார் கோவிந்தராஜ்.

அக்கா படியேறி உள்ளே வந்தாள். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. சாவியைத் தொடவில்லை. நேரே கதவுக்குப் பின்னால் போய்த் துடைப்பத்தை எடுத்தாள். பழக்கம் விடாது, பெருக்கத்தான் போகிறாள் என்று நினைத்தோம். அவள் புற்றுக்கு முன்னால் போனாள். ஊறிக் கிடந்த சருகின் மேல் துடைப்பத்தைப் படுக்க வைத்தாள். அம்மன் முன்னால் துடைப்பமா என்று பின்னால் யாரோ முனகினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

“மொதல்ல இத்த துன்னு,” என்றாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சிமெண்ட் பேச்சு அதோடு நின்றுபோனது. பேர்த்த கல்லை கோவிந்தராஜ் எங்கள் கடை வாசலில் படியாகப் போட்டுக் கொடுத்தார். பரந்தாமன் அண்ணன் பெயர் கீழ்ப்பக்கம் இருக்கிறது. பின்பக்கம் வெறும் மண். அக்கா இப்போதும் தினமும் சுத்தம் செய்கிறாள். குனிந்து கையாலேயே பிளாஸ்டிக் கவரையும் ஊதுவத்தி அட்டையின் பளபளப்புத் தாளையும் மட்டும் பொறுக்குகிறாள். சருகு கிடக்கிறது. ஓணான் ஒன்று வந்திருக்கிறது. மார்கழிக்கு முன்னால் ஒரு மழையில் புற்றின் காலடியில் வெள்ளைக் காளான் குடை குடையாகப் பூத்தது. உள்ளே கரையான் வளர்க்கிற அதே காளான் வெளியே வந்து தலை நீட்டியிருக்கிறது என்று நான் சொன்னேன். அக்கா அதற்குக் குங்குமம் வைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

இந்த ஆடிக்கு அளவெடுக்கப் போனபோது டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டு வந்தால் முன்பக்கத்தில் ஒரு புடைப்பு இடித்தது. நீளமாக, குறுக்கே, பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி. புதுசாகக் கட்டின மண். ஒரு ஓரத்தில் மட்டும் தென்னங்குச்சி முனை நாலு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துடைப்பத்தை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டு, அதன்மேல் புற்று வளர்ந்திருந்தது.

இதை விட்டுவிட்டு அளப்பதா, சேர்த்து அளப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. டேப்போடு நின்றேன்.

“அத்தயும் சேத்தே அள,” என்றாள் அக்கா.